சிறு வலைச் செயலிகளுக்கான தரவுச் சேமிப்பு

சிறு வலைச் செயலிகளுக்கான தரவுச் சேமிப்பு என்பது, சில பத்துப் பேர் முதல் சில ஆயிரம் பேர் வரை உலாவி வழியாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் தன் தகவல்களை எங்கே, எவ்வடிவில் வைத்துக்கொள்வது என்பதைத் தெரிவு செய்து அமைப்பதைக் குறிக்கும். ஊர் நூலகத்தின் இரவல் பதிவேடு, கடையின் பற்று வரவுக் கணக்கு, பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியல் ஆகியன இவ்வகைச் செயலிகளுக்கு எடுத்துக்காட்டுகளாகும். இத்தெரிவு பெரும்பாலும் வேகம், கொள்ளளவு ஆகியவற்றைக் கொண்டே பேசப்படுகின்றது. ஆனால் இந்த அளவுள்ள செயலிகளில் அவ்விரண்டும் சிக்கலாவது அரிது. தமிழில் தரவுகளைக் கையாளும் செயலிக்கு முதன்மையான கேள்வி, உள்ளே இட்ட எழுத்து அப்படியே திரும்பி வருமா, தேடினால் கிடைக்குமா, அகரவரிசையில் நிற்குமா என்பதே.

தேவையை அளத்தல்

கன்னியாகுமரி மாவட்டம், அகத்தீசுவரம் வட்டத்தில் உள்ள அஞ்சுகிராமம் பேரூராட்சியில் வாழைக்குலை வாங்கி விற்கும் கடை ஒன்று, தன் கணக்கேட்டை வலைச் செயலியாக மாற்றிக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். விவசாயியின் பெயர், ஊர், குலைகளின் எண்ணிக்கை, எடை, விலை, கொடுத்த முன்பணம், நாள் ஆகியவை ஒரு பதிவில் அடங்கும். நாளொன்றுக்கு 100 பதிவுகள் என்றால் ஆண்டுக்கு 36,500, பத்தாண்டுகளில் 3,65,000. ஒரு பதிவுக்கு 500 பைட்டுகள் எனத் தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் ஏறத்தாழ 180 மெகாபைட்டுகளே ஆகும். இன்றைய மலிவான கைப்பேசியிலும் இது அடங்கிவிடும்.

ஆகவே கொள்ளளவைவிட வேறு மூன்று செய்திகளை அறிந்துகொள்வது பயன் தரும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவர்? (படிப்போர் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமன்று.) தகவல்கள் ஒன்றோடொன்று தொடர்புடையனவா? ஒரு நாள் கணக்கு அழிந்தால் ஏற்படும் இழப்பு என்ன? மேற்கண்ட கடையில் எழுதுவோர் இருவரோ மூவரோ. விவசாயிக்கும் அவர் கொண்டுவந்த குலைகளுக்கும் முன்பணத்துக்கும் தொடர்பு உண்டு. ஒரு நாள் கணக்கு அழிந்தால் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் தகராறு வரும். இந்த மூன்றாவது விடையே அமைப்பின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றது.

சேமிப்பு வகைகள்

மிக எளிய முறை, தகவல்களை உரைக்கோப்பாகவோ விரிதாளாகவோ வைத்திருப்பதாகும். ஒருவர் மட்டும் எழுதும்வரை இது போதும். இருவர் ஒரே நேரத்தில் சேமித்தால் பின்னவரின் கோப்பு முன்னவரின் கோப்பை அழித்துவிடும்.

உறவுசார் தரவுத்தளம் இக்குறையைப் போக்குகின்றது. இதன் அடிப்படைக் கொள்கையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 இல் வெளியிட்டார். தகவல்கள் அட்டவணைகளாகப் பிரிக்கப்படுகின்றன. விவசாயியின் பெயரும் ஊரும் ஓர் அட்டவணையில் ஒரே முறை எழுதப்பட்டு, மற்ற அட்டவணைகள் அவரை ஓர் எண்ணால் சுட்டுகின்றன. முன்பணத்தைக் கழிப்பதும் மீதியைக் கணக்கில் ஏற்றுவதும் போன்ற இணைந்த செயல்கள் ஒன்றாக நிறைவேறும், அல்லது ஒன்றுமே நிறைவேறாது. இதனைப் பரிவர்த்தனை என்பர். இடையில் மின்சாரம் நின்றாலும் கணக்கு பாதியில் நிற்பதில்லை. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் இப்பண்பு ஒன்றே விரிதாளைக் கைவிடுவதற்குப் போதிய காரணமாகும்.

சிறு செயலிகளுக்குப் பெரும்பாலும் மூன்று கட்டற்ற தரவுத்தளங்கள் கருதப்படுகின்றன. எஸ்கியூலைட், ரிச்சர்ட் ஹிப் என்பவரால் 2000 இல் உருவாக்கப்பட்டது. இதற்குத் தனி வழங்கி தேவையில்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக இருக்கும். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருளுக்காகத் தொடங்கப்பட்ட இது இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்திலும் உள்ளது. ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும் என்பது இதன் வரம்பு. ஆயினும் ஒரு பதிவை எழுதச் சில மில்லி நொடிகளே ஆவதால், மூன்று பேர் எழுதும் கடையில் இந்த வரம்பு கண்ணுக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல் 1995 இல் சுவீடனில் வெளிவந்தது. 2000களில் விலை குறைந்த பகிர்வு வழங்கிகள் பலவற்றிலும் பிஎச்பி மொழியுடன் சேர்ந்து கிடைத்ததால் தமிழ் இணையத்தளங்கள் பல இதனையே பயன்படுத்தின. 2010 இல் இது ஆரக்கிள் நிறுவனத்தின் வசம் சென்றது. அதற்குச் சற்று முன்னர், 2009 இல், இதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியசு மரியாடிபி என்னும் கிளையைத் தொடங்கினார். போஸ்ட்கிரெஸ்கியூஎல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986 இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் வேர் கொண்டது. 1996 இல் இப்பெயரைப் பெற்றது. மூன்றனுள் தரவின் சரிநிலையை மிகக் கண்டிப்பாகக் காப்பது இதுவே எனலாம்.

மொங்கோடிபி முதலிய ஆவணவழித் தரவுத்தளங்களும் உண்டு. ஒவ்வொரு பதிவும் வெவ்வேறு வடிவில் இருக்கும் இடங்களில் அவை பொருந்தும். கணக்கு, உறுப்பினர் பட்டியல், இரவல் பதிவு போன்றவை அத்தகையன அல்ல.

எழுத்தின் நீளம்

ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட முதன்மைப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறிப்புள்ளியும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளைப் பிடிக்கின்றது. "அஞ்சுகிராமம்" என்னும் சொல்லைத் தமிழ் படித்தவர் அ, ஞ், சு, கி, ரா, ம, ம் என ஏழு எழுத்துகளாக எண்ணுவார். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறிப்புள்ளிகள் ஆதலால் தரவுத்தளம் அதனைப் பன்னிரண்டாக எண்ணும். வட்டில் அது 36 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் கொண்டு "பெயருக்கு 20 எழுத்து போதும்" என்று புலத்தின் நீளத்தை வரையறுத்த செயலிகளில் நீண்ட தமிழ்ப் பெயர்கள் இடமின்றி வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி மென்பொருளிலும் இதனைக் காணலாம். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்கு அது 255 எழுத்துகளாகும். தமிழ்த் தலைப்புக்கு 85 குறிப்புள்ளிகளே. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நீண்ட பெயர் கொண்ட சட்டங்கள், மாநாடுகள் ஆகியவற்றுக்குத் தலைப்பிடுவோர் இவ்வரம்பை நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

குறியேற்றத் தவறுகள்

மைஎஸ்கியூஎல் 2004 இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் ஒருங்குறிக்கு ஆதரவளித்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் அதன் இயல்பான குறியேற்றம் இலத்தீன்-1 ஆகவும், இயல்பான வரிசைமுறை சுவீடிய மொழியினுடையதாகவும் இருந்தன. அமைப்பை மாற்றாது விட்ட தமிழ்ச் செயலிகளில் இருவகைத் தீங்குகள் நேர்ந்தன. தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வினாக்குறிகள் சேமிக்கப்படுவது ஒன்று. இதில் மூல எழுத்து அறவே அழிந்துவிடுவதால் மீட்க வழியில்லை. மூன்று பைட்டுகளும் மூன்று தனித்தனி இலத்தீன் எழுத்துகளாகக் கருதப்பட்டுச் சேமிக்கப்படுவது மற்றொன்று. செயலியில் படிக்கும்போது தமிழ் சரியாகவே தெரியும். வேறு வழங்கிக்கு மாற்றும் நாளில்தான் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகக் காட்சி தரும். இதனை உரிய முறையில் திருப்பி மாற்ற இயலும்; ஆயினும் தவற்றை உணராமல் இடையில் ஒரு முறை சேமித்துவிட்டால் வேலை பன்மடங்காகும்.

மூன்றாவதாக ஒன்று, பலரும் அறியாதது. மைஎஸ்கியூஎல்லில் "யுடிஎஃப்8" என்று பெயரிடப்பட்டிருந்த குறியேற்றம் முழுமையான யுடிஎஃப்-8 அன்று. மூன்று பைட்டுகள் வரையுள்ள குறிப்புள்ளிகளை மட்டுமே அது ஏற்கும். நான்கு பைட்டுகளை ஏற்கும் "யுடிஎஃப்8எம்பி4" 2010 இல் சேர்க்கப்பட்டு, 2018 இல் வெளியான 8.0 பதிப்பில் இயல்பானது. தமிழ் மூன்று பைட்டுகளில் அடங்குவதால் பழைய குறியேற்றமே போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கைப்பேசியில் இடப்படும் உணர்ச்சிக் குறிகளுள் பெரும்பாலானவை நான்கு பைட்டுகள் கொண்டவை. கண்டிப்பு முறை இயக்கப்படாத வழங்கியில், உரையின் நடுவே இத்தகைய குறி ஒன்று வந்தால் அக்குறி மட்டுமன்றி அதற்குப் பின்னுள்ள உரை முழுவதும் வெட்டப்படும். பயனருக்குப் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. 2015 இல் வந்த 5.7 பதிப்பிலிருந்தே கண்டிப்பு முறை இயல்பாயிற்று.

உணர்ச்சிக் குறி வேண்டாம் என்பாருக்கும் இச்சிக்கல் உண்டு. முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, மா, காணி முதலிய மரபுப் பின்னங்களின் குறிகளும், பழைய நில, நெல் கணக்குகளில் வரும் சுருக்கக் குறிகளும் 2019 இல் ஒருங்குறி 12.0 இல் "தமிழ் இணைப்பு" என்னும் தனிப் பகுதியில் சேர்க்கப்பட்டன. அப்பகுதியில் உள்ள அனைத்தும் நான்கு பைட்டுகள் கொண்டவை. நாஞ்சில் நாட்டின் பழைய நிலக் கணக்குகளைக் குறிகளோடு பதிவு செய்ய விரும்பும் ஆய்வாளர் பழைய குறியேற்றத்தில் அதனைச் செய்ய இயலாது.

ஒருங்குறிக்கு முற்பட்ட தரவு வேறு வகையைச் சேர்ந்தது. தனி எழுத்துரு ஒன்றினைக் கொண்டு தட்டச்சு செய்யப்பட்ட பட்டியல்கள், திசுக்கி, தாப், தாம் முதலிய குறியேற்றங்களில் உள்ள கோப்புகள் ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். ஏற்றிய பின் மாற்றலாம் என்று விட்டால், பழையதும் புதியதும் ஒரே புலத்தில் கலந்து நிற்கும். எது எது எனக் கணினியால் பிரித்தறிவது கடினம்.

ஒன்றுபோல் தோன்றும் சொற்கள்

"கொ" என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தோ, எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்துச் சேர்த்தோ எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கு அவை இரு வேறு சொற்கள். "கொட்டாரம்" என்ற ஊர் இவ்வாறு இருமுறை பதிவானால், ஊர்வாரியான கணக்கில் கொட்டாரம் இரண்டு இடங்களில் தோன்றும். ஒருங்குறி இயல்பாக்கம் என்னும் முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கும். பயனர் தட்டிய உரையைச் சேமிக்கும் முன்னரும், தேடல் சொல்லைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் முன்னரும் இதனைச் செய்ய வேண்டும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்கு ஒரு வரி போதும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 13 ஆம் பதிப்பு முதல் தரவுத்தளத்திலேயே இவ்வசதி உள்ளது.

இயல்பாக்கம் தீர்க்காதவையும் உள. "கௌரி" என்பதை ஔகாரக் குறியின்றி, கெ என்பதன் பின் ளகர மெய்யெழுத்தின் உயிரேறிய வடிவை இட்டு "கெளரி" என்று தட்டுவோர் பலர். "ஔவை"யும் அவ்வாறே "ஒளவை" ஆகின்றது. "ஸ்ரீ" என்பதும் இரு வகையில் எழுதப்படுகின்றது: பழைய முறையில் ஸகரத்தைக் கொண்டும், 2005 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும். ஆகவே ஒருவர் ஒரு முறையில் பதிந்த ஸ்ரீவைகுண்டத்தை மற்றொருவர் தேடிக் காணாமல் போகலாம். இவற்றைச் செயலியே இணைத்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களைத் தட்டச்சிட விடாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைப்பது இதற்கு எளிய தீர்வு.

தேடலும் அகரவரிசையும்

எஸ்கியூலைட்டின் முழுவுரைத் தேடல் பகுதி, இயல்பான அமைப்பில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் உறுப்புகளாகக் கொள்கின்றது. தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் ஒருங்குறியில் "குறிகள்" என்னும் வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால், அவை இடைவெளி போலக் கருதப்படும். விளைவாக "அஞ்சுகிராமம்" என்ற சொல் அஞ, ச, க, ர, மம என்னும் ஐந்து துண்டுகளாகச் சிதறும். தேடல் நடக்கும், ஆனால் தொடர்பில்லாத விடைகளும் வரும். 2018 முதல் எந்த வகைகளைச் சொல்லின் பகுதியாகக் கொள்வது என்பதை அமைப்பிலேயே குறிப்பிடலாம். அங்கே குறிகளின் வகைகளையும் சேர்த்துவிட்டால் இச்சிதறல் நிற்கும். அட்டவணையை உருவாக்கும்போதே இதனைச் செய்யாவிடின் பின்னர் தேடல் அட்டவணை முழுவதையும் மீண்டும் உருவாக்க வேண்டும்.

அகரவரிசையில் இடர் வேறு விதமானது. ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும், வகரம் இவை அனைத்துக்கும் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. குறிப்புள்ளி எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும் தரவுத்தளம், மயில், மலை, மழை, மறை, மனை என்று தமிழ் அகராதியில் வரும் சொற்களை மனை, மயில், மறை, மலை, மழை என்று அடுக்கும். அகராதிகளில் புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன்னர் வருவதால் "அக்கா" முன்னும் "அகம்" பின்னும் நிற்கும். குறிப்புள்ளி வரிசையில் இது தலைகீழாகும். நூறு பெயர் கொண்ட பட்டியலில் யாரும் இதனைப் பொருட்படுத்தமாட்டார். வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ ஆயிரக்கணக்கில் நீளும்போது, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று திரும்பிச் செல்பவர் இருப்பார்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017 இல் வெளிவந்த 10 ஆம் பதிப்பு முதல் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைப் பயன்படுத்த இடமளிக்கின்றது. எஸ்கியூலைட்டில் அந்நூலகம் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. சிறு பட்டியல்களுக்கு, வரிசைப்படுத்தும் பணியைச் செயலியின் நிரலிலோ உலாவியிலோ செய்துகொள்ளலாம். எதைத் தெரிவு செய்தாலும் மேற்கண்ட ஐந்து மகரச் சொற்களையும் அக்கா, அகம் என்பவற்றையும் உள்ளிட்டுப் பார்ப்பது நல்ல சோதனையாகும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

பணத்தைப் பதின்மப் பின்னமாக, மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கக் கூடாது. பத்திலொன்று, இருபதிலொன்று ஆகியவற்றை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. ஆயிரம் பதிவுகளைக் கூட்டும்போது பைசாக் கணக்கு உதைக்கும். தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பது பாதுகாப்பானது. எஸ்கியூலைட் இயல்பாக எண் புலத்தில் சொல்லை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், 2021 இல் அறிமுகமான கண்டிப்பான அட்டவணைகளைப் பயன்படுத்துவது நலம். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பைச் சரிபார்க்கும் வசதியும் அதில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வோர் இணைப்பிலும் அதனை இயக்க வேண்டும்.

நாளை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் நான்கிலக்க ஆண்டுடன் வைப்பது வழக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் அங்குள்ள பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகத்து நடுப்பகுதி முதல் 1925 ஆகத்து நடுப்பகுதி வரையாகும். இத்தகைய ஆவணங்களைப் பதிவு செய்யும் செயலியில் மூலத்தில் உள்ள நாளை ஒரு புலத்திலும், மாற்றிய நாளை வேறொரு புலத்திலும் வைக்க வேண்டும். மாற்றியதை மட்டும் வைத்தால், மாற்றத்தில் நேர்ந்த பிழையைப் பிற்காலத்தில் திருத்த முடியாது.

எஸ்கியூலைட் கோப்பை வலைத்தளத்தின் பொது அடைவுக்குள் வைத்தால் முகவரியை ஊகிக்கும் எவரும் முழுக் கணக்கையும் தரவிறக்கிக்கொள்ளலாம். சில மேகவழி வழங்கிகள், செயலியின் புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய வட்டினைத் துடைத்துவிடுகின்றன. அங்கே நிலையான வட்டு தனியே கேட்டுப் பெறப்பட வேண்டும், அல்லது வழங்கிவகைத் தரவுத்தளத்தை நாட வேண்டும். பயனர் தட்டிய உரையை வினவலில் நேரடியாக ஒட்டாமல் தனி அளவுருவாக அனுப்புவது எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான பாதுகாப்பு விதி.

காப்பு நகல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 திசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் வீடுகளிலும் கடைகளிலும் வெள்ளம் புகுந்தது. கணக்கு கடையிலுள்ள கணினியில் மட்டும் இருந்தால் நீர் அதனையும் சேர்த்தே கொண்டுபோகும். மாறாக, தொலைவிலுள்ள வழங்கியில் மட்டும் இருந்தால், மின்சாரமும் இணையமும் இல்லாத நாட்களில் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பார்க்க வழியிருக்காது. ஆகவே ஒன்று ஊரிலும் மற்றொன்று வேறு மாவட்டத்திலோ மாநிலத்திலோ இருப்பது பொருத்தமாகும். கடைக்காரர் வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்வதைப் பழமை என்று ஒதுக்கத் தேவையில்லை.

நகல் எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பைச் சாதாரணமாகப் படியெடுத்தால் நகல் பழுதாகலாம். அதற்கென உள்ள காப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து உரைவடிவில் நகல் எடுக்கும்போது குறியேற்றத்தைக் குறிப்பிடாவிட்டால், நகலில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வினாக்குறிகள் இருக்கக்கூடும். கோப்பின் அளவு, நாள் ஆகியவற்றைப் பார்த்து இதனை அறிய முடியாது. நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பதிவுகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டு, பெயர்கள் சிலவற்றைக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதனைச் செய்ய அரை மணி நேரம் பிடிக்கும்.